பிரேக் வால்வும் முங்குகிறவனின் குழாயும்

அன்புள்ள அந்தோணி,

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது, சென்னையில் உனக்கு என்ன வேலை என்று உன் அம்மா கேட்டாள். நீ மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, "ஒருத்தன் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சேன்னு எழுதிக் குடுப்பான்ம்மா. நான் பழைய காகிதம் ரெண்டை எடுத்து, பாதி இதுல இருக்கு, பாதி அதுல இருக்கு, சேத்து வச்சா ஒன்னோடதுதான் வருது, இது யாருக்கும் தோணும், போயிட்டு வான்னு சொல்லணும். அம்புட்டுதான்" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அம்மா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள், செம்பு நிறையத் தண்ணீர் அங்கேயே இருந்தும். நான் குழம்பு ஊற்றாத சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். நீ கவனித்தாயோ என்னவோ, கேட்கவில்லை. நேரில் பேச உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் வரும், பேச்சு வராது. உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். காப்புரிமை அலுவலகத்தில் நீ நாற்காலியைப் போட்டு உட்காருவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

உன் அண்ணன் சூசை இறந்தபோது நீ இரண்டாம் வகுப்பு. சங்கு எடுக்கப் போன இடத்தில் கடல் கொண்டுபோய்விட்டது என்று சொல்லி உன்னை வளர்த்தோம். அது பாதி உண்மை. துறைமுக வேலைக்குப் பெயர் பதிந்துவிட்டு அவன் காத்திருந்தான். சும்மா இருக்கப் பிடிக்காமல், காயல்பட்டினத்துக் காதர் பாயின் படகில் சங்குக்குப் போக ஆரம்பித்தான். அந்தக் காலத்தில் மூச்சைப் பிடித்து முங்குவது குறைந்து, கம்ப்ரசர் வந்துவிட்டது. படகு எஞ்சினோடு பெல்ட் மாட்டிக் கம்ப்ரசரை ஓட்டுவார்கள். அதிலிருந்து ஒரு நீள ரப்பர் குழாய். அதன் நுனியை வாயில் கவ்விக்கொண்டு முங்குகிறவன் கடலடியில் சங்கு பொறுக்குவான். மேலே எஞ்சின் ஓடுகிற வரைக்கும் அவனுக்கு மூச்சு. வேம்பாருக்கு நேரே, நல்ல வெயிலில், அமைதியான கடலில், அந்த எஞ்சின் நின்றுவிட்டது. டீசலில் தண்ணீர். குழாயில் மிச்சமிருந்த காற்றும் திரும்பி மேலே போய்விட்டது. கயிறு பிடித்திருந்தவர்கள் இழுத்தார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து வேகமாக இழுத்தால் உடம்பு தாங்காது என்று அவர்களுக்குத் தெரியும். இழுக்காவிட்டால் என்ன என்பதும் தெரியும். பாவம், என்ன செய்வார்கள்? கரைக்கு வந்தபோது அவன் மூக்கிலும் காதிலும் ரத்தம் காய்ந்திருந்தது. நான் போர்மேனாக இருந்த துறைமுக வொர்க்ஷாப்புக்கு ஆள் வந்து சொன்னான். அந்த நேரத்தில் என் கையில் என்ன சாமான் இருந்தது என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஞாபகம் வரவில்லை.

காதர் பாய் அடக்கத்துக்கு வந்தார். தெருமுனையில் நின்றார், வீட்டுக்குள் நான் விடவில்லை. அந்த எஞ்சினை மாற்றச் சொல்லி அதற்கு முந்தின மாதம்தான் நானே அவரிடம் சொல்லியிருந்தேன். "சீசன் முடியட்டும் அண்ணாச்சி" என்றிருந்தார். அதன் பிறகு சில வருஷம் அவர் முகத்தில் நான் முழிக்கவில்லை. ஏரல் சந்தையில் ஒருமுறை எதிரே வந்தார். சாமான் வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

அப்புறம்தான் ஒருநாள் மில்லர்புரம் வீட்டுக்கு ஒரு வக்கீல் வந்தார். வெள்ளைச் சட்டை, தோல் பை. முங்குகிறவர்களுக்குச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியின் ஆள். காதர் பாய் ஒரு கருவி செய்து அதற்குக் காப்புரிமை, அதாவது பேட்டன்ட், கேட்டிருக்கிறார், அதைக் கொடுக்கக் கூடாது என்று கம்பெனி எதிர்க்கிறது, அதற்கு என் சாட்சி வேண்டும் என்றார். படத்தைக் காட்டினார். இடுப்பில் கட்டுகிற ஒரு சின்னக் காற்றுப் புட்டி. மேலிருந்து வரும் குழாய் முதலில் அந்தப் புட்டியை நிரப்பும், அதிலிருந்து வாய்க்குப் போகும். புட்டியின் வாசலில் ஒருவழி வால்வு. மேலே எஞ்சின் நின்றால் வால்வு மூடிக்கொள்ளும், காற்று திரும்பிப் போகாது. புட்டியில் இருப்பதைக் குடித்துக்கொண்டே முங்குகிறவன் மெதுவாக மேலே வந்துவிடலாம். நான் படத்தைப் பார்த்தேன். பார்த்த உடனே மனதில் வந்தது என்ன தெரியுமா? இவ்வளவுதானா என்று வந்தது.

ஏனென்றால் அது அப்படியே கிரேன் வண்டியின் ஏர் பிரேக். நான் தினமும் கழற்றி மாட்டுகிற சாமான். கிரேனின் எஞ்சின் நின்றாலும் பிரேக் விட்டுவிடக் கூடாது என்பதற்காகக் காற்றை ஒரு தொட்டியில் சேர்த்து, ஒருவழி வால்வு போட்டு வைத்திருப்பார்கள். அதே என் வொர்க்ஷாப்பில்தான் துறைமுகத்தில் தலைக்கவசம் போட்டு முங்குகிறவர்களின் பம்பும் குழாயும் பழுது பார்க்க வரும். ஒரு சுவரில் குழாய், எதிர்ச்சுவரில் பிரேக். வக்கீல் இரண்டு புத்தகங்களின் நகலை மேசையில் வைத்தார். ஒன்று முங்குகிற சாமான் பற்றியது, மற்றது பிரேக் பற்றியது. "ரெண்டும் பழசு சார். ரெண்டையும் சேத்தது மட்டும்தான் அவர் வேலை. உங்களை மாதிரி சாதாரண மெக்கானிக்குக் கூடத் தோணக்கூடியதுன்னு எழுதினா போதும்" என்றார். சாதாரண மெக்கானிக் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதை விடப் பெரிய கோபம் வேறு பக்கம் இருந்தது. என் பிள்ளையைக் கடலில் விட்டுவிட்டு, அந்தச் சாவை வைத்து இவர் கண்டுபிடிப்பாளர் ஆகிறாரா? உண்மை என்று நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். போடும்போது இனித்தது என்பதையும் மறைக்கவில்லை.

விசாரணைக்கு சென்னைக்குக் கூப்பிட்டார்கள். நீ வேலைக்குப் போகிற அதே அலுவலகம்தான். இப்போது எப்படியோ, அப்போது மின்விசிறி ஓடினால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் வேர்க்கும். காதர் பாய் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். யார் பேசினாலும் தலையைச் சாய்த்து இடது காதைத் திருப்பினார். அந்தப் புட்டியைத் தானே கட்டிக்கொண்டு முங்கிப் பார்த்ததில் வலது காது போய்விட்டது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். கம்பெனி வக்கீல் நன்றாகப் பேசினார். இந்தக் காகிதத்தில் இது, அந்தக் காகிதத்தில் அது, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள் என்றார். கேட்கிற யாருக்கும் சரி என்றுதான் படும். எனக்கும் பட்டது.

விசாரித்த அதிகாரி நிதானமான ஆள். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பிறகு தமிழுக்கு வந்தார். "உங்க ஷெட்டுல ரெண்டும் இருந்துச்சா?" இருந்தது என்றேன். "எவ்வளவு காலமா?" நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என்றேன். "யாராவது எப்பவாவது பிரேக் சாமானை முங்குற குழாயில மாட்டிப் பாத்திருக்காங்களா?" இல்லை என்றேன். "ஏன்?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார், பொறி வைத்துக் கேட்கவில்லை.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நல்ல பதில். நான் போர்மேன் ஆன புதிதில், அவசரத்துக்கு எவனோ ஒருத்தன் பிரேக் லைனில் இருந்த ஒரு இணைப்பைக் கொண்டுபோய் முங்குகிறவரின் குழாயில் மாட்டிவிட்டான். அதில் எஞ்சின் ஆயில் ஒட்டியிருந்தது. உள்ளே போனவர் கறுப்பாக வாந்தியெடுத்துக்கொண்டு மேலே வந்தார். அன்றைக்கே நான் கடல் சாமான் சுவருக்கு நீலப் பெயின்டும் கரை சாமான் சுவருக்குச் சிவப்புப் பெயின்டும் அடித்தேன். சிவப்பிலிருந்து ஒரு ஆணி கூட நீலத்துக்குப் போகக் கூடாது. போனால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. ஆயில் மட்டுமில்லை. பிரேக் வால்வுக்குள் இரும்பு ஸ்பிரிங். உப்புத் தண்ணீரில் அது துருப்பிடித்து இறுகிவிட்டால் வரும் காற்றையும் அடைத்துவிடும். உயிர் காக்க மாட்டின வால்வே உயிரை வாங்கும். இதையெல்லாம் அந்த அதிகாரியிடம் கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன். புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் முதல் பாடமே இதுதான் என்றேன். அவர் எழுதிக்கொண்டே, "அந்த விதியைப் போட்டது யாரு?" என்றார். நான்தான் என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதுக்கே அது கேட்டது.

கம்பெனி வக்கீல் பேனாவை மூடிவிட்டார். நான் எதைச் சொல்லிவிட்டேன் என்பது எனக்கு முன்னால் அவருக்குப் புரிந்திருந்தது. இரண்டையும் சேர்க்க யாருக்கும் தோன்றும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன், சேர்க்கவே கூடாது என்று சுவருக்குப் பெயின்ட் அடித்தவன். தொழில் தெரிந்தவனைத் தொழிலே அந்தப் பக்கம் போகவிடாமல் தடுத்திருக்கிறது. அப்படியென்றால் அது தானாகத் தோன்றக்கூடியது இல்லை. காதர் பாயின் வக்கீல் எழுந்தார். அவர் கேட்க வந்த கேள்வி எனக்குத் தெரியும். யாருக்கும் தோணும் என்றால், பிள்ளையைக் கடலுக்கு அனுப்பிய அப்பாவுக்கு ஏன் தோன்றவில்லை? காதர் பாய் அவருடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். எட்டிப்பிடித்து, நன்றாகவே இழுத்தார். கேள்வி வரவில்லை. நான் எழுந்தேன். "ஐயா, நான் எழுதினது தப்பு. அந்த 'யாருக்கும்'ங்கது நான்தான். ரெண்டும் என் கையில கெடந்துது. எனக்குத் தோணல. என் மவன் செத்த பொறவும் தோணல" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

எழும்பூர் ஸ்டேஷனில் எனக்கும் காதர் பாய்க்கும் ஒரே ரயில். பக்கத்தில் வந்து நின்றார். நான் அவருடைய இடது பக்கமாக நகர்ந்து நின்றேன். அதுதான் அவரிடம் நான் கேட்ட மன்னிப்பு. "பிரேக் வால்வுன்னு தெரிஞ்சுதான் எடுத்தியளா பாய்?" என்று கேட்டேன்.

"என் பழைய இரும்புக் கடையில மத்த சாமானோட கெடந்துச்சு அண்ணாச்சி. பிள்ளை மவுத்தானதுக்குப் பொறவு எனக்குக் கடைல உக்கார முடியல. கையில ஆம்புட்டதையெல்லாம் மாட்டிப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே மொதல் ஸ்பிரிங் இறுகிட்டு. எனக்கு மூச்சு அடைச்சி, காது போச்சி. பொறவு பித்தளையில வால்வ வார்த்து, வெண்கலக் கம்பியில ஸ்பிரிங் சுத்தி, தோல் வாஷரத் தேங்கா எண்ணெயில ஊறப் போட்டேன்." ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்க விதி எனக்கு முன்னாலயே தெரிஞ்சிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன்" என்றார்.

பேட்டன்ட் அவருக்குக் கிடைத்தது. அதனால் கடல் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. இடுப்பில் பாரம் என்று பாதிப்பேர் கட்டவில்லை. சிலர் தாங்களாகவே இரும்பு ஸ்பிரிங் போட்டுச் செய்துகொண்டார்கள். அப்படிக் கட்டிப் போன ஒருத்தரை வேம்பாரில் அடக்கம் செய்தோம். நானும் காதர் பாயும் சேர்ந்துதான் போயிருந்தோம்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். உன் படிப்பு எனக்கில்லை, ஆனால் அந்த நாற்காலிக்கு எதிரே நின்றிருக்கிறேன். உன் மேசைக்கு மூன்று காகிதம் வரும். புதியது ஒன்று, பழையது இரண்டு. அந்தப் பழைய இரண்டும் உன் கைக்கு எப்படிக் கிடைத்தன என்று யோசி. புதியதைப் படித்த பிறகுதானே தேடி எடுத்தாய்? படிக்காதவனுக்கு அவை இரண்டு தனித்தனி அலமாரியில் கிடந்தவை. நான் படத்தைப் பார்த்த பிறகு "இவ்வளவுதானா" என்றேனே, அந்த வார்த்தை உனக்கும் தினம் வரும். வரும்போது பேனாவைக் கீழே வை. படத்தை மூடிவிட்டு, அது வருவதற்கு முந்தின நாள் அந்தத் தொழிலில் இருந்தவன் எதைப் பார்த்துப் பயந்தான், எதைச் செய்யாதே என்று பிறத்தியாருக்குச் சொல்லிக்கொடுத்தான், எத்தனை காலமாக அந்தத் தேவை அப்படியே கிடந்தது என்று கேள். அந்த ஆளாகக் கொஞ்ச நேரம் இரு. இது கஷ்டம். நானே அந்த ஆள்தான், எனக்கே திரும்பி அவனாக முடியவில்லை. தெரிந்துகொண்ட பிறகு தெரியாதவனாக இருக்க மனசு ஒத்துழைப்பதில்லை.

அதற்காக வருகிறவனுக்கெல்லாம் வாரி வழங்கச் சொல்லவில்லை. காதர் பாயே இன்னொரு வருஷம் முகக்கண்ணாடியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு வந்து இதற்கும் எழுதிப் போடட்டுமா என்றார். "ஏன்வே பாய், கண்ணாடி கண்ணாடியாத்தான் இருக்கு, லைட்டு லைட்டாத்தான் இருக்கு. ரெண்டையும் கயித்தப் போட்டுக் கட்டுனதுக்கு ஒரு பேட்டன்டா? இது யாருக்கும் தோணும்வே" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். எங்களுக்குள் அப்படி ஒரு சிரிப்பு வருவதற்குப் பல வருஷம் பிடித்தது. அந்தப் புட்டி அப்படி இல்லை. பிரேக் வால்வு தன் குணத்தை மாற்றிக்கொள்ளாமல் கடலுக்குள் போக முடியாது. அந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான் உனக்குச் சம்பளம்.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இது உன் அம்மாவுக்காகவும் எழுதுகிற கடிதம். சென்னையிலிருந்து திரும்பி வந்த அன்று நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப யாருக்கும் தோணிருக்காது, யாரு மேலயும் தப்பில்லைன்னு சர்க்கார்ல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டிய" என்றாள். "அந்தப் பெயின்ட அடிச்சது நீங்க."

"அது நல்லதுக்குப் போட்ட விதி. ஆயில் பட்டா ஆளு செத்துருவான்" என்றேன்.

"நல்ல விதிதான். யாரு இல்லன்னா? அந்த மனுசன் பாவம்தான். ஒங்களையும் குத்தம் சொல்ல முடியாது. அப்ப நான் யார்ட்டப் போயிச் சண்டை போட? சொல்லுங்க. எம்பிள்ளைய யாரு எடுத்தான்னு நான் யார்ட்டக் கேக்க?" என்றாள். அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. கல்லறைத் திருநாள் அன்று மெழுகுவர்த்தி ஏற்றும்போது மட்டும் நான் பக்கத்தில் நின்றால் சற்று விலகி நிற்பாள். நீ சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் நடுவே ஓடிவந்து நிற்பாய். அந்த இடம் உனக்காக விட்டது என்று நினைத்திருப்பாய்.

போன ஞாயிறு நீ மாலை பஸ்ஸுக்குப் போன பிறகு, தட்டுகளைக் கழுவிக்கொண்டே என்னைக் கேட்டாள். "முன்னாலயே தோணிருக்குமா தோணிருக்காதான்னு பாக்கதுதான் அந்தோணிக்கு வேலையா?" ஆமாம் என்றேன். "அதுக்குன்னே படிச்சிருக்கான்லா?" ஆமாம் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அப்ப நம்ம சங்கதிய அவன்ட்டச் சொல்லுங்க. அவன் பாத்துச் சொல்லட்டும். அன்னைக்கு அந்த அதிகாரிக்கு நீங்க அழுதுகிட்டு நின்னது தெரிஞ்சிருக்கும். அந்தோணி அதெல்லாம் தெரியாம பாத்துச் சொல்லணும்."

நான் நின்றதையும் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். அழுததை அவள் சொல்லிவிட்டாள். மற்றபடி இரண்டு சுவரையும் உன் முன்னால் வைத்துவிட்டேன். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. நடுவில் நான் நின்ற இடத்தையும் காட்டிவிட்டேன். உன் அண்ணன் உயிரோடு இருந்தபோது எனக்கு அது தோன்றியிருக்க வேண்டுமா, வேண்டாமா? அவசரப்படாதே. வேலை பழகட்டும். மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் மோர் வாங்கிக் குடி. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அம்மா உன்னைக் கேட்பாள். எனக்கு இரக்கப்பட்டு ஒரு பதில், அவளுக்கு இரக்கப்பட்டு ஒரு பதில் என்று வைத்துக்கொள்ளாதே. எது உனக்குச் சரி என்று படுகிறதோ, அதை அவளிடம் சொல். தோன்றியிருக்க வேண்டும் என்பதுதான் உன் தீர்ப்பு என்றால் அதையே சொல். அவளுக்குச் சண்டை போட ஓர் ஆள் வேண்டும். நான் எங்கேயும் போகப்போவதில்லை, வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா